விலகிய காரணம்: படிவத்தில் நிரப்பப்படாத அந்த ஒரு கட்டம்

ஆள்சேர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கு வரும் விண்ணப்பப் படிவங்கள் சிலவற்றில் கல்வி, அனுபவம், திறன்கள் எல்லாம் நிறுத்தி நிதானமாக எழுதப்பட்டிருக்கும்; 'முந்தைய பணியிலிருந்து விலகிய காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சிறு கோடு இழுக்கப்பட்டிருக்கும். அந்தக் கோட்டை இழுப்பதற்கு முன் அவர் எத்தனை முறை பேனாவை எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் பெரும்பாலும், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணத்துடனேயே நேர்காணல் அறைக்குள் நுழைகிறார்கள். நான் பார்த்தவரை, பணிநீக்கம் என்ற ஒரே காரணத்துக்காக வாய்ப்பை இழந்தவர்களைவிட, அதைப் படிவத்தில் ஒரு விதமாகவும் நேரில் வேறு விதமாகவும் சொன்னதால் வாய்ப்பை இழந்தவர்களே அதிகம்.

கணக்குப் பிரிவு வேலைக்கு வந்த ஒருவர் எல்லாச் சுற்றுகளிலும் நன்றாகச் செய்திருந்தார். படிவத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக விலகினேன்' என்று எழுதியிருந்தார். நியமனக் கடிதம் கையொப்பத்துக்குக் காத்திருந்த நாளில் பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. மாத இறுதிக் கணக்குகளை உரிய நாளில் முடிக்கவில்லை என்று, தகுதிகாண் காலத்திலேயே நிறுவனம் அவரை விடுவித்திருந்தது. அழைத்துக் கேட்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னால் கூப்பிடவே மாட்டீர்கள் என்று பயந்துவிட்டேன், மேடம்" என்றார். புதிய மென்பொருளுக்கு மாறிய மாதங்களில் போதிய பயிற்சியின்றித் திணறியதுதான் நடந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்காக நானே பேசியிருப்பேன். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையொப்பம் இருந்ததால், அதற்கு வழியில்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட தவறான தகவல் வேலையில் சேர்ந்த பிறகு வெளிப்பட்டால், அதுவே இன்னொரு பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம்.

உங்களுக்கு நேர்ந்தது எந்த வகை என்பதை முதலில் நீங்களே தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆம் உடன்படிக்கை, ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்குரிய காரணங்களைப் பணியாளரின் திறன், அவருடைய நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை என்று மூன்றாக வகுக்கிறது. பிரிவையே மூடியதால் வேலை இழந்த பலர்கூட, ஏதோ குற்றம் செய்தவர்களைப் போல, 'என்னை நீக்கிவிட்டார்கள்' என்று தலைகுனிந்து சொல்வதைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது. அது ஆட்குறைப்பு, அப்படியே ஒரு வரியில் சொன்னால் போதும்.

திறன் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருந்தால், என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு என்ன, அதன்பின் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கிடங்குப் பொறுப்பாளராக இருந்த ஒருவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "இருப்புக் கணக்கெடுப்பில் இரண்டு அடுக்குகளை எண்ணாமல், போன மாதத்து எண்ணிக்கையையே எழுதினேன். தணிக்கையில் தெரிந்தது, நீக்கினார்கள். இப்போது இருக்கும் தற்காலிக வேலையில், நான் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணிக் கையொப்பமிட்ட பிறகே பதிவு செய்கிறேன். என் மேற்பார்வையாளரிடம் நீங்கள் கேட்கலாம்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அப்படி நிறுத்துவதுதான் பலருக்கு முடிவதில்லை. எதிரில் இருப்பவர் குறிப்பெடுக்கும் சில நொடி அமைதியைத் தாங்க முடியாமல், பழைய மேலாளரின் குணம், சக ஊழியர்களின் சூழ்ச்சி என்று பேசிக்கொண்டே போய்விடுகிறார்கள்.

நடத்தை தொடர்பான நீக்கம் கடினமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. பணம் கையாடல், வன்முறை, பாலியல் தொல்லை போன்றவை நிரூபிக்கப்பட்டிருந்தால் சில பணிகளின் கதவு திறக்காது. சொற்களைத் திருத்தி அதைச் சரிசெய்ய இயலாது. நீக்கம் நியாயமற்றது என்று நீங்கள் வழக்குத் தொடுத்திருந்தால், 'முடிவை ஏற்காமல் வழக்குத் தொடுத்திருக்கிறேன், அது நிலுவையில் உள்ளது' என்பதோடு நிறுத்துங்கள். வழக்குக் கோப்பை அங்கே பிரிக்க வேண்டாம். சமரச ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருந்தால், எதைச் சொல்லலாம் என்பதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனமே ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கியிருந்தால் என்ன சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். ஆவணத்தின்படி நீங்கள் விலகியவர்தான், அப்படியே குறிப்பிடலாம். ஆனால் 'விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டீர்களா?' என்று படிவம் நேரடியாகக் கேட்டால் 'ஆம்' என்றே எழுத வேண்டும். சுயவிவரக் குறிப்பில் விலகிய காரணத்தை எழுத வேண்டிய அவசியமில்லை. படிவத்தில் கேட்டிருந்து இடம் போதாவிட்டால், 'பணி முடிவுறுத்தப்பட்டது, நேரில் விளக்குகிறேன்' என்று எழுதலாம்.

இடைவெளியை மறைக்கப் பணிக்காலத்தில் ஓரிரு மாதங்களைக் கூட்டி எழுதுவதை அறவே தவிருங்கள். பழைய நிறுவனங்கள் பல, காரணத்தைச் சொல்லாமல் பதவியையும் தேதிகளையும் மட்டுமே உறுதிப்படுத்தும் என்பதால், முதலில் அகப்படுவது அந்தத் திருத்தம்தான். மேற்சொன்ன உடன்படிக்கையோடு வந்த 166-ஆம் பரிந்துரையும், பணியாளர் கேட்டால் சேர்ந்த நாள், முடிந்த நாள், செய்த வேலையின் வகை ஆகியவற்றை மட்டும் குறிப்பிடும் சான்றிதழைத் தர வேண்டும் என்கிறது. நடத்தை, செயல்திறன் பற்றிய மதிப்பீட்டை அவரே விரும்பிக் கேட்டால் சேர்க்கலாம். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பழைய அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்களைப் பற்றி விசாரித்தால் அவர்கள் எதை உறுதிப்படுத்துவார்கள் என்று கேளுங்கள். பதில் வந்ததும், தேதியும் பதவியும் உங்கள் படிவத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.