போர்க்கப்பலின் எண்ணெய்ச் செலவை எந்த நாடாளுமன்றம் கேட்கும்?

"உக்ரைனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஆயுதம் வாங்கித் தருகிறது என்கிறார்களே, அந்தப் பணத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றம் எப்போது ஓட்டுப் போட்டது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதன் பெரும்பகுதிக்குப் போடவே இல்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை, அந்தப் பணம் நாடாளுமன்றத்தின் வாசலை மிதிக்காத வழியில் போகும்படி ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமே எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்றியத்தின் வழக்கமான பட்ஜெட் எப்படி நிறைவேறுகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம் வரைவைத் தயாரிக்கும். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அமரும் பேரவை தன் நிலையைச் சொல்லும். நாடாளுமன்றம் 42 நாளுக்குள் திருத்தம் போடும். ஒத்துவராவிட்டால் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து 21 நாளுக்குள் பேசித் தீர்க்க வேண்டும். விவசாய மானியமோ, ஆராய்ச்சி நிதியோ, எல்லைக் காவலோ, எல்லாம் இந்த வழிதான்.

ராணுவம் மட்டும் இந்த வழியில் வராது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 41ஆவது பிரிவைப் படித்தால் காரணம் தெரியும். பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்கான அலுவலகச் செலவு ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து போகும். நடவடிக்கைச் செலவும் அப்படியே, ஆனால் "ராணுவ அல்லது பாதுகாப்பு விளைவு உள்ள" நடவடிக்கை என்றால் கிடையாது. அதை உறுப்பு நாடுகள் தங்கள் பொருளாதார அளவுக்கு ஏற்ற விகிதத்தில் நேரடியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே ராணுவத் திட்டமிடும் அதிகாரியின் மேசைக்கு நாடாளுமன்றம் கணக்குக் கேட்கலாம். அவர் அந்த மேசையில் உட்கார்ந்து வரைபடத்தில் குறிக்கும் கப்பலுக்குக் கேட்க முடியாது.

செங்கடலைப் பாருங்கள். ஏமன் நாட்டின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், 2024 பிப்ரவரியில் ஒன்றியம் 'ஆஸ்பிடெஸ்' என்ற கடற்படை நடவடிக்கையைத் தொடங்கியது. தலைமையகம் கிரீஸ் நாட்டின் லாரிசா நகரில். முதல் ஆண்டுக்கான பொதுச் செலவு என்று பேரவை நிர்ணயித்த தொகை வெறும் 80 லட்சம் யூரோ. போர்க்கப்பல்களை ஒரு வருடம் கடலில் நிறுத்துவதற்கு இது எந்த மூலைக்கு? கல்யாண மண்டபத்தின் வாடகை மட்டும் பொதுப் பணத்தில், வந்து போகும் வண்டிக் கூலி அவரவர் பாடு என்று உறவுக்காரர்கள் பேசிவைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. தலைமையக நடத்துதல் போன்ற சில இனங்கள் பொதுச் செலவு. கப்பல், எண்ணெய், மாலுமிகளின் சம்பளம், ஏவுகணை எல்லாம் அனுப்பிய நாட்டின் தலையில்.

இந்த நடவடிக்கைக்கு ஜெர்மனி 'ஹெசன்' என்ற போர்க்கப்பலை அனுப்பியது. அனுமதி தந்தது பெர்லினில் உள்ள ஜெர்மானிய நாடாளுமன்றம், 2024 பிப்ரவரி 23 அன்று. சில நாளிலேயே ஹெசன் ஒரு ட்ரோனை நோக்கிச் சுட்டது, படவில்லை. நல்ல வேளை, அது அமெரிக்காவின் ட்ரோன். இந்தக் கதையில் யார் யாரைக் கேள்வி கேட்க முடியும்? ஏவுகணையின் விலைக்கும் அதன் தரத்துக்கும் ஜெர்மானிய அமைச்சர் பெர்லினில் பதில் சொல்ல வேண்டும். லாரிசாவின் செலவுக்கு உறுப்பு நாடுகளின் குழு ஒன்று பொறுப்பு. ஒன்றியத்தின் கொடியில் நடக்கும் நடவடிக்கையை முழுதாகப் பார்க்கும் கண் எந்த நாடாளுமன்றத்துக்கும் இல்லை.

அந்தப் பொதுச் செலவுப் பெட்டிக்கு 2004 முதல் 'அதீனா' என்று பெயர். 2021 மார்ச்சில் அதன் இடத்தில் 'ஐரோப்பிய அமைதி வசதி' வந்தது. அதற்கு ஒரு கூடுதல் வேலையும் தரப்பட்டது: நட்பு நாடுகளின் படைகளுக்கு ஆயுதமும் தளவாடமும் தருவது. முதலில் ஏழு ஆண்டுக்கு ஏறக்குறைய 570 கோடி யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். உக்ரைன் போர் வந்ததும் அதைப் படிப்படியாக உயர்த்தி, 2024 மார்ச்சில் 1,700 கோடி யூரோவுக்குக் கொண்டுபோனார்கள். மும்மடங்கு! ஒவ்வொரு உயர்வும் பேரவையின் முடிவு மட்டுமே. கொலைக் கருவிக்குப் பணம் தர மனமில்லாத ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா போன்ற நாடுகள் அந்த இனத்தில் ஒதுங்கிக்கொண்டு, தங்கள் பங்கை ஆயுதமல்லாத உதவிக்குத் தர வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அரசின் மனச்சாட்சிக்கும் இடம் விட்டவர்களுக்கு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒன்றிய அவைக்கு இடம் விடத் தோன்றவில்லை.

அப்படியானால் நாடாளுமன்றம் கை கட்டி உட்கார்ந்திருக்கிறதா? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

பட்ஜெட் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் 'கையிருப்பு' என்று ஒரு தலைப்பு உண்டு. பார்க்கச் சாதுவாக இருக்கும். ஒரு துறை கேட்ட தொகையை நாடாளுமன்றம் வெட்ட விரும்பவில்லை, ஆனால் துறை சொல்லும் கதையில் நம்பிக்கையும் இல்லை என்று வையுங்கள். தொகையைப் புத்தகத்தில் அதற்கென்று எழுதியிருக்கும் வரியிலிருந்து எடுத்து இந்தக் கையிருப்பு வரியில் வைத்துவிடும். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: இன்ன அறிக்கை வந்த பிறகு, இன்ன கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு விடுவிக்கப்படும். பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது, கூட்டுத்தொகையிலும் இருக்கிறது. எடுத்துச் செலவழிக்க மட்டும் முடியாது. ஆணையம் கையிருப்பிலிருந்து உரிய வரிக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் வந்த நாளிலிருந்து பொதுவாக ஆறு வாரம் அவகாசம். அதற்குள் நாடாளுமன்றமோ பேரவையோ மறுத்தால் பணம் அங்கேயே கிடக்கும். இரண்டும் வாய் திறக்காவிட்டால் மௌனம் சம்மதம் என்று விதியே எடுத்துக்கொள்கிறது. ஆறு வாரத்தில் எழுந்து கேள்வி கேட்கச் சோம்பல்படும் உறுப்பினருக்கு இந்த ஆயுதம் பயன்படாது. அந்தக் கண்டிப்பும் எனக்குப் பிடிக்கும்.

வெட்டினால் அமைச்சர்கள் கூச்சலிடுவார்கள், பத்திரிகைகள் "பாதுகாப்பைப் பலவீனப்படுத்துகிறது" என்று எழுதும். கையிருப்பில் வைத்தால் யாரும் சத்தம் போட முடியாது. தகவலைக் கொடுத்தால் பணம் வந்துவிடப் போகிறதே! கேள்வி கேட்கும் உரிமை மட்டும் உள்ள அவையைப் பதில் வாங்கும் அவையாக மாற்றுவது இந்த ஒரு வரிதான்.

இதே தந்திரத்தின் பெரிய வடிவம் 2010இல் நடந்தது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தப்படி ஒன்றியத்துக்கு ஒரு தூதரகச் சேவை உருவாக்க வேண்டியிருந்தது; ஒன்றியத்தின் ராணுவ ஊழியர் பிரிவும் அதற்குள்தான் வர இருந்தது. அதை அமைக்கும் முடிவில் நாடாளுமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும், ஒப்புதல் தேவையில்லை. ஆனால் புதிய சேவைக்கு ஆள் எடுக்கப் பணியாளர் விதியையும், பணம் தர நிதி விதியையும் திருத்தியாக வேண்டும். அந்த இரண்டிலும் நாடாளுமன்றம் பேரவைக்குச் சமம். எல்மார் புரோக், கீ ஃபெர்ஹோஃப்ஸ்டாட் முதலிய உறுப்பினர்கள் இந்த இரண்டு விதிகளையும் பிடித்துக்கொண்டு பேரம் பேசினார்கள். ஜூன் மாதம் மாட்ரிடில் உடன்பாடு ஏற்பட்டபோது, தூதரகச் சேவையின் பட்ஜெட்டும் வருடாந்தரக் கணக்கும் நாடாளுமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டுவிட்டன. முன்வாசல் பூட்டியிருந்தது, கொல்லைப்புறம் அவர்களுடையதாக இருந்தது. ராணுவத் திட்டமிடும் அதிகாரியின் மேசைக் கணக்கு இன்றும் அவைக்கு வருகிறது என்றால் அதற்கு அந்தக் கோடைக்காலப் பேரம்தான் காரணம்.

செலவு முடிந்த பிறகும் ஒரு பிடி உண்டு. லக்ஸம்பர்க்கில் உள்ள தணிக்கை மன்றம் அறிக்கை தந்ததும், கணக்கை ஏற்றுக்கொண்டு ஆணையத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாமா என்று நாடாளுமன்றம் ஓட்டுப் போடும். சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1996ஆம் ஆண்டுக் கணக்கை 1998 டிசம்பரில் ஏற்க மறுத்ததில் தொடங்கிய தகராறுதான் 1999 மார்ச்சில் ஜாக் சாந்தேர் தலைமையிலான ஆணையம் கூண்டோடு ராஜினாமா செய்ததில் முடிந்தது. பேரவையிடம் மட்டும் இந்த மந்திரம் பலிக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கணக்கு முதல் பேரவை கேள்விகளுக்குச் சரியாகப் பதில் தருவதில்லை என்று நாடாளுமன்றம் வருடம் தவறாமல் மறுக்கிறது. பேரவையும் வருடம் தவறாமல் கண்டுகொள்வதில்லை.

பாதுகாப்பு என்றாலே ரகசியம், கணக்குக் கேட்டால் எதிரிக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இதையும் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். ஜெர்மனியில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஒரு வழக்கம்: குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆயுதக் கொள்முதல் ஒப்பந்தமும் நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் முன் தனித்தனியாக வர வேண்டும். இன்று அந்த எல்லை 2.5 கோடி யூரோ. அதனால் ஜெர்மனியின் ரகசியம் எதுவும் சந்தைக்கு வந்துவிடவில்லை. ஒன்றிய அளவில், பேரவையின் பாதுகாப்பு ரகசிய ஆவணங்களை 2002ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி நாடாளுமன்ற வெளியுறவுக் குழுத் தலைவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட சிறு குழு பார்க்கலாம். ஐந்தே பேர்! ஐந்து பேர் படித்துவிட்டு வெளியே வந்து எதுவும் பேச முடியாத தகவலை வைத்து எழுநூற்றுச் சொச்சம் பேர் எப்படி ஓட்டுப் போடுவது?

சமீப ஆண்டுகளில் பணம் வேறு பாதையிலும் வரத் தொடங்கியிருக்கிறது. ராணுவ நடவடிக்கைக்குத்தானே பட்ஜெட்டில் தடை, ஆயுதத் தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் தடை இல்லையே என்று, தொழில், ஆராய்ச்சிப் பிரிவுகளின் கீழ் 2021இல் ஐரோப்பியப் பாதுகாப்பு நிதியை அமைத்தார்கள். ஏழு ஆண்டுக்கு ஏறக்குறைய 795 கோடி யூரோ, அதில் 265 கோடி ஆராய்ச்சிக்கு. இது பட்ஜெட் பணம் என்பதால் கையிருப்பு, தணிக்கை, கணக்கு விடுவிப்பு எல்லாம் பொருந்தும். இருந்தும் எந்த ஆயுதத் திட்டத்துக்கு எவ்வளவு என்ற ஆண்டு வேலைத்திட்டத்தை ஆணையமும் உறுப்பு நாடுகளின் குழுவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. மொத்தத் தொகைக்கு நாடாளுமன்றம் வேண்டும், விவரத்துக்கு வேண்டாம்.

2024 தொடக்கத்தில் நீண்டகால பட்ஜெட்டைத் திருத்தியபோது இந்த நிதிக்கு 150 கோடி யூரோ கூட்டினார்கள். அதே திருத்தத்தில் குடிமை ஆராய்ச்சிக்கான ஹொரைசன் திட்டத்தில் 210 கோடியைக் குறைத்தார்கள். நாடாளுமன்றம் இதற்குச் சம்மதம் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரஷ்யா வாசலில் நிற்கும்போது ஆயுத ஆராய்ச்சி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. நாளைய தடுப்பூசிக்கும் மின்கலத்துக்கும் வைத்திருந்த பணம்தான் எப்போதும் முதலில் கைக்கு எட்டுகிறது என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போதைய பெரிய சண்டை 2025 மே மாதத்தில் பேரவை நிறைவேற்றிய கடன் திட்டத்தைப் பற்றியது. ஆயுதம் வாங்க உறுப்பு நாடுகளுக்கு 15,000 கோடி யூரோ வரை கடன். ஒன்றியத்தின் இன்னொரு அடிப்படை ஒப்பந்தமான செயல்பாட்டு ஒப்பந்தத்தில், அவசர காலத்துக்கான 122ஆவது பிரிவைக் காட்டி இதைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டு இல்லை. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியவை உறுப்பு நாடுகள். ஆனால் சந்தையில் ஒன்றியத்தின் பெயரில் கடன் வாங்கும்போது பின்னால் பிணையாக நிற்பது, ஒன்றியம் உறுப்பு நாடுகளிடம் அதிகபட்சம் கேட்கக்கூடிய தொகைக்கும் பட்ஜெட்டின் செலவு வரம்புக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடைவெளி. எந்தப் புத்தகத்தின் வரிகளை நாடாளுமன்றம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துகிறதோ, அதே புத்தகத்தின் பெயரில், அதைக் கேட்காமலே கடன். திட்டத்தின் நோக்கத்தில் தங்களுக்கு மறுப்பில்லை, தேர்ந்தெடுத்த சட்டப் பிரிவில்தான் மறுப்பு என்று சொல்லி நாடாளுமன்றம் பேரவையை லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இழுத்தது. மறுபடியும் அமெரிக்க ட்ரோனைப் பார்த்துச் சுட்டாலும் ஹெசனின் ஏவுகணைக் கணக்கு பெர்லினுக்குத்தான் போகும். லக்ஸம்பர்க் தீர்ப்பு எப்படி வந்தாலும் அதில் மாற்றமில்லை. அடுத்த முறை 122ஐ எடுப்பதற்கு முன் அமைச்சர்கள் எத்தனை முறை யோசிக்க வேண்டும் என்பது மட்டும் அந்தத் தீர்ப்பைப் பொறுத்தது.