16+ என்று போடுவது யார்?

“பிளே ஸ்டோரில் கேமுக்குக் கீழே 16+ என்று இருக்கிறதே, யார் உட்கார்ந்து விளையாடிப் பார்த்து இதைப் போடுகிறார்கள்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் யாருமே விளையாடிப் பார்ப்பதில்லை.

பழைய கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ‘மார்ட்டல் காம்பட்’ கேமில் தோற்றவன் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கும் காட்சி உண்டு. இந்த மாதிரி கேம்களால் 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அரசு சட்டம் போடுவதற்குள் கேம் நிறுவனங்களே முந்திக்கொண்டு 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயது ரேட்டிங் வாரியத்தைத் தொடங்கின. ஐரோப்பாவுக்கு 2003இல் பெகி என்ற இதே மாதிரி அமைப்பு வந்தது. டிஸ்க்கில் விற்கும் கேம் என்றால், அதிலுள்ள ஆக மோசமான காட்சிகளை நிறுவனமே வீடியோவாக ஈ.எஸ்.ஆர்.பி.க்கு அனுப்பும். குறைந்தது மூன்று பேர் பார்த்து வயதை முடிவு செய்வார்கள்.

போனுக்கு வந்து குவியும் கேம்களுக்கு இது கட்டுப்படியாகுமா? அதற்காக 2013இல் வந்ததுதான் ஐ.ஏ.ஆர்.சி. என்ற ஏற்பாடு. எனக்குப் பிடித்த இடமே இதுதான். கேமை உருவாக்கியவர் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்புகிறார். வன்முறை உண்டா? உண்டு என்றால், அடி வாங்குவது மனிதனா, கற்பனைப் பிராணியா? ரத்தம் தெரிகிறதா? சூதாட்டம்? பதில்களைத் தட்டி முடித்த கையோடு ரேட்டிங் வந்துவிடும், அதுவும் ஒன்றல்ல. அதே பதில்களை அமெரிக்காவின் விதிப்படி ஒரு முறை, ஜெர்மனியின் விதிப்படி ஒரு முறை, பிரேசிலுக்கு ஒரு முறை என்று மென்பொருள் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. நமக்கென்று தனி வாரியம் இல்லாததால் 3, 7, 12, 16, 18 என்ற பொது வரிசை.

விதி மாறினால் வயது எப்படித் தாவும் என்பதற்கு ‘பலாட்ரோ’வைப் பாருங்கள். சீட்டுக்கட்டு கேம்; ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, பணம் வைத்து ஆடவும் வழியில்லை. அமெரிக்காவில் 10+. பெகியோ போக்கர் சூதாட்டத்தின் சாயலைப் பார்த்து 18 போட்டது. மேல்முறையீடு போன பிறகு, 2025 பிப்ரவரியில் 12க்கு இறங்கியது.

சரி, உண்மையை மறைத்தால்? 2005இல் ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ டிஸ்க்குக்குள் ஆபாசக் காட்சி ஒளிந்திருந்தது அம்பலமானதும் 17+ கேம் 18+ ஆனது. ஒரு வயதுதானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் பெரிய கடைகள் 18+ கேமை விற்பதே இல்லை!

கேம் ஆடும் பிள்ளை கொலைகாரனாகிவிடுவான் என்பது என்னைப் பொறுத்தவரை ஒருவகை மூடநம்பிக்கை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, கொடும் வன்முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை. எனக்குக் கவலை வாய்ஸ் சாட்தான். முன்பின் தெரியாதவர் பிள்ளையிடம் என்ன பேசுவார் என்பதை எந்தப் படிவமும் கேட்க முடியாது. பயனர்கள் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு சின்னக் குறிப்பு வரும், அவ்வளவுதான்.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்குப் போய், பின் நம்பர் வைத்து, வயதைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை கையில் இருக்கும் போனிலேயே செய்ய வேண்டும். உங்கள் போனில் செய்தால் அங்கே எட்டாது. ஏற்கெனவே இறக்கி வைத்த கேம்களையும் அது தொடாது. அவற்றை நீங்களேதான் திறந்து பார்க்க வேண்டும்.