கருமணலுக்குள் ஒரு கொம்புமுறி

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் காந்தத்தை இழுத்துக்கொண்டு திரிந்த மாணவன் ஒருவன் போன கிழமை கேட்டான்: "சேர், எல்லாம் கருமணல்தானே? சிலது பாய்ஞ்சு ஒட்டுது, சிலது திரும்பியும் பார்க்குதில்ல. ஒட்டினதச் சூடாக்கினா விட்டிருமா?"

விட்டுவிடும். ஒட்டியது மக்னடைற்றாகத்தான் இருக்க வேண்டும். இரும்பும் ஒட்சிசனும் அடுக்கடுக்காக அமைந்த பளிங்கு. ஏறக்குறைய 585 பாகை செல்சியசில் அதன் காந்தம் கழன்றுவிடும். ஒட்டாததில் தைத்தேனியம் கலந்த இல்மனைற் இருக்கலாம். அதுவும் காந்த ஒழுங்குக்கு, அதாவது அயன்கள் முறையாகத் திசைபிடித்து நிற்கும் நிலைக்கு வரும், ஆனால் மைனஸ் 215 பாகை அளவுக்குக் குளிர வேண்டும்.

சரி, காந்தம் எப்படி உண்டாகிறது? ஒவ்வொரு இரும்பு அயனும் ஒரு குட்டிக் காந்தம் என்பது பள்ளிப் பாடம். அழகு அதற்கப்புறம்தான். இரண்டு இரும்புக்கு நடுவே ஓர் ஒட்சிசன் நிற்கிறது. அதனிடம் எதிரெதிர்ச் சுழற்சியுள்ள இலத்திரன் சோடி ஒன்று. இடப்பக்க இரும்பின் காந்தத்தைத் தரும் ஐந்து இலத்திரன்களும் மேல்நோக்கிச் சுழல்கின்றன என்று வையுங்கள். அங்கே கீழ்நோக்கியதற்குத்தான் இடமுண்டு. ஆகவே ஒட்சிசனின் கீழ்நோக்கிய இலத்திரன் அந்தப் பக்கம் சாய்கிறது. மிஞ்சிய மேல்நோக்கியது வலப்பக்கம் சாய்கிறது. அதை ஏற்க வலப்பக்க இரும்பு முழுக்கக் கீழ்நோக்கி இருந்தாக வேண்டும்! ஒன்றையொன்று தொடாத இரண்டு இரும்பும் ஒட்சிசன் வழியாக எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன. கண்ணகி அம்மன் சடங்கின் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு அணிகளும் கொம்பைக் கொளுவி இழுப்பது போலத்தான். கொளுவிய இடம் ஒட்சிசன்.

அப்படியானால் இரண்டு பக்கமும் சமனாகிக் காந்தமே இல்லாமற் போக வேண்டுமே? மக்னடைற்றில் ஒரு சேரியில் ஓர் இரும்பு, மறு சேரியில் இரண்டு. மிச்சம்தான் உங்கள் காந்தத்தில் ஒட்டுகிறது. இதை 1948இல் விளக்கிய பிரெஞ்சு பௌதிகவியலாளர் லூயி நீல் 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

(இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், காந்தக் காப்பு அதை இழுத்து நோயைத் தீர்க்குமாம். அந்த இரும்புகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடக்கின்றன. கொம்பு கொளுவ வழியே இல்லை. காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.)

சூடேற்றினால் அயன்களின் ஆட்டம் கூடும். காந்தம் முதலில் மெல்லக் குறையும், 585ஐ நெருங்கும்போது மளமளவென்று சரியும். நீர் கொதிப்பதுபோல மறைவெப்பம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆறினால் ஒழுங்கு திரும்பும். ஆனால் தம்பி, காற்றுப்பட நெடுநேரம் வறுத்தால் மக்னடைற் ஒட்சியேறி ஹெமடைற் என்ற வேறோர் இரும்பு ஒட்சைட்டாகிவிடும். பிறகு முன்போல ஒட்டாது.

செங்கல் சூளையிலும் இதுதான் நடக்கிறது. களிமண்ணிலுள்ள மக்னடைற் துணுக்குகள் ஆறும்போது பூமியின் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. பூமியின் காந்தத் திசை கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் என்பதால், மட்டக்களப்பில் அந்தத் திசை ஏறக்குறையக் கிடையானது. அப்புறம் மேசன் கல்லைப் புரட்டிப் புரட்டி வைப்பார். உங்கள் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கத்தை வடக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்.