பவளத்தில் பதிந்த நிலநடுக்கங்கள்

சுமத்ராவின் மேற்கே உள்ள மெந்தாவாய் தீவுகளில், நிலநடுக்கமானிகள் வருவதற்கு முன் நிகழ்ந்த பெரும் அதிர்வுகளின் பதிவு கரையோரப் பவளங்களில் இருக்கிறது. அதை வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த கெர்ரி சீயும் இந்தோனேசிய நிலவியலாளர் டேனி ஹில்மன் நத்தாவிஜாயாவும் முக்கியமானவர்கள்.

போரைட்டிஸ் வகைப் பவளம், கடல் வற்றும்போது எட்டும் மிகத் தாழ்ந்த நீர்மட்டம் வரைதான் உயர முடியும். அதற்கு மேல் நீண்டால் வெயிலில் மேற்புறம் செத்துவிடும். பக்கங்கள் மட்டும் வளர்ந்து அது தட்டையான வட்டாகிறது. இப்பகுதியில் இந்திய-ஆஸ்திரேலியப் புவித்தட்டு சுமத்ராவுக்கு அடியில் நுழைகிறது. இரு தட்டுகளும் ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கும் காலத்தில், மேல்தட்டின் விளிம்பும் அதன்மேல் அமர்ந்த தீவுகளும் மெல்ல மெல்லக் கீழே இழுபடுகின்றன. நிலம் தாழத் தாழ, பவளத்தின் ஓரம் மேலே வளர்ந்து நடுவே குழிகிறது. நிலநடுக்கத்தில் அந்த இறுக்கம் ஒரே வீச்சில் விடுபட்டுத் தீவு உயர்ந்தால், நீருக்கு வெளியே வந்த பகுதி மடிய, அடிப்பகுதி மட்டும் தொப்பியின் விளிம்பைப் போல வெளிநோக்கிப் படர்கிறது. சங்கிலி ரம்பத்தால் ஒரு பலகையை அறுத்தெடுத்து எக்ஸ்-ரே எடுத்தால், ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். யுரேனியம்–தோரியம் முறையில் வயதையும் கணிக்கலாம். 1797, 1833 ஆகிய ஆண்டுகளின் பேரதிர்வுகள் இவ்வாறே அளவிடப்பட்டன. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை பெரும் அதிர்வுகள் கொத்தாக நேர்ந்துள்ளதை, 700 ஆண்டுப் பதிவைக் கொண்டு 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

இத்தகைய பேரதிர்வு மீண்டும் நேரலாம் என்பது தீவு மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று கருதிய இக்குழு, அந்த 2008 ஆய்வு வெளியாகும் முன்பே, 2004இன் நடுப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று சுவரொட்டிகளையும் துண்டறிக்கைகளையும் வழங்கி, பள்ளிகளிலும் பேசத் தொடங்கியது. முடிவுகள் ஆய்விதழில் அச்சானதும் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் பிளவு வடக்கே, சுமத்ராவின் வடமுனையான ஆச்சே அருகே தொடங்கியது. நாகப்பட்டினமும் முல்லைத்தீவும் அந்த அலையில்தான் சிதைந்தன. ஆச்சேவுக்கு அந்தச் சுவரொட்டிகள் போயிருக்கவில்லை.

எதைக் கற்பிப்பது என்பதையும் ஆய்வே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 2010 அக்டோபர் 25 அன்று மெந்தாவாயில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பிளவு கடலடி அகழிக்கு அருகே ஆழமின்றி, மெதுவாக நகர்ந்தது. அதனால் அதிர்வு மென்மையாகவே உணரப்பட்டது; ஆனால் கடலடி பெருமளவு உயர்ந்ததால் அலை பெரிதாக எழுந்தது. ஆட்டம் பலமாக இல்லையே என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நிமிடங்களில் அலை கரையை எட்டும் இத்தகைய தீவுகளில், ஆட்டத்தின் வலிமையைக் காட்டிலும் அது நீடிக்கும் நேரமே நம்பத்தக்க எச்சரிக்கை. நிலம் 20 விநாடி ஆடினால், சைரனுக்குக் காத்திராமல், 20 நிமிடத்துக்குள் 20 மீட்டர் உயரமுள்ள இடத்துக்குச் சென்றுவிட வேண்டும் என்று இந்தோனேசியக் கடலோர மக்களுக்கு இப்போது சொல்லித் தரப்படுகிறது.