ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்: பத்து முடிவதற்குள் பறிபோகும் சலுகைகள்

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு, மேற்கொண்டு என்ன படிக்கலாம், எதற்கு என்ன தகுதி, எங்கே விண்ணப்பம் போடுவது என்பதையெல்லாம் பள்ளியே சொல்லித்தர வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பள்ளிப் பகுதி இதற்காகத்தான் இருக்கிறது. 9 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டல் தருவது அதன் வேலை. அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரையும் போட்டிருப்பார்கள். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

நடப்பது என்ன? ஒன்பதிலும் பத்திலும் அந்த வழிகாட்டல் வகுப்பு பெரும்பாலும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பள்ளிக்குத் தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும். வழிகாட்டல் என்பது பிளஸ் டூ கடைசியில் கல்லூரிப் பட்டியலை வாசித்துக் காட்டுவதாகச் சுருங்கிவிடுகிறது. கோடையில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலையை நான் செய்துவருகிறேன். நல்ல மார்க்கோடு வந்து உட்காரும் பிள்ளையிடம் “இது உனக்குக் கிடையாதும்மா” என்று சொல்ல வேண்டிவருகிறது. ஏன் என்று பார்த்தால், எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ எடுத்த ஒரு முடிவு. அதன் விளைவை அன்றைக்கு யாரும் அந்தக் குடும்பத்திடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் அந்த முடிவுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021இல் நீட்டித்தார்கள். இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. அதனால்தான் இதன் நிபந்தனையை முதலில் சொல்கிறேன்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு வருடம் வெளியே போயிருந்தாலும் கிடையாது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி அரசுப் பள்ளி இல்லை. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஃபீஸ் இல்லை, சத்துணவு உண்டு, இலவசப் புத்தகம் உண்டு, வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது. அப்படியிருக்க அது அரசுப் பள்ளி இல்லை என்று ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

ஒரு மாணவி. அக்கா படித்த பள்ளி, வீட்டுக்குப் பக்கம் என்று ஆறாவது மட்டும் உதவி பெறும் பள்ளியில் படித்தாள். ஏழிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி. கட்-ஆஃப் நன்றாகவே இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், வகுப்புவாரியாகப் பள்ளிப் பெயர் இருந்த தாளில் மேலிருந்து விரலை வைத்து, முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். “ஒரு வருசம்தானே சார்?” என்று அம்மா கேட்டார். “ஆறாவதுல இருந்துன்னு போட்டிருக்கும்மா, நான் என்ன பண்றது” என்றார் அவர். அவர் மேல் தப்பில்லை. ஆறாம் வகுப்புச் சேர்க்கை அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வேறு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்.டி.இ.யில், தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். அந்த இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஆறிலிருந்து என்ற விதிக்கு இவர்களுக்கு விலக்கு உண்டு: எட்டு முடித்ததும் ஒன்பதிலேயே அரசுப் பள்ளிக்கு வந்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால் 7.5 சதவீதம் உண்டு. “பழகின ஸ்கூல், பத்து வரைக்கும் ஃபீஸ் கட்டிப் படிக்கட்டும், பிளஸ் ஒன்னுக்குப் பார்த்துக்கலாம்” என்று விட்டால் போய்விட்டது. தனியார் பள்ளி இதை உங்களிடம் சொல்லாது; அவர்களுக்கு ஃபீஸ் கட்டும் பிள்ளை வேண்டும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முன்பே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

மேற்படிப்புப் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு விதி வேறு. அதில் அரசுப் பள்ளியோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருகிறார்கள். அதே உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தால் இல்லை. ஆகவே “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் வருது, அதனால 7.5லயும் வரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமிழ் வழி என்றதும் இன்னொன்று. அரசு வேலையில் நேரடி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரைக்கும் முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4 தேர்வுக்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. ஒன்றிலிருந்து பத்து வரை தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு அதில் முன்னுரிமை உண்டு. அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதே என்று ஒன்பதில் மாற்றினால் அது போய்விடும். மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் எது போகும் என்று தெரிந்து மாற்றுங்கள்.

பிளஸ் ஒன் குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில நாளிலேயே ஹெச்.எம். அறை வாசலில் வரிசை நிற்கும். உள்ளே போனால் பேச்சு ஒரு நிமிடம்தான். மார்க் ஷீட்டைப் பார்ப்பார்கள், “இந்த மார்க்குக்கு இந்த குரூப்தான்” என்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பிள்ளை இனி எதையெல்லாம் படிக்கவே முடியாது என்பது அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

பொறியியல் கட்-ஆஃப் 200க்கு. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம் எடுக்காத பிள்ளை அந்தப் பட்டியலில் வர முடியாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இல்லாவிட்டால் நீட் மட்டுமல்ல, பி.எஸ்சி. நர்சிங்கும் இல்லை. இங்கே ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. தொழிற்கல்விப் பிரிவில் ‘நர்சிங்’ என்று ஒரு குரூப் இருக்கிறது. நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பெண்பிள்ளை பெயரைப் பார்த்து அதில் சேர்ந்துவிடுகிறாள். அதில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. இரண்டு வருடம் கழித்து பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தில் பாடவாரியாக மார்க் கேட்கும்போதுதான் அவளுக்கே விஷயம் தெரிகிறது. சட்டம் படிக்க எந்த குரூப்பும் போதும் என்பதும் பலருக்குத் தெரியாது. வக்கீலாக விரும்பும் பிள்ளையை அறிவியல் பிரிவில் தள்ளித் திணறவிடுகிறார்கள்.

கேட்ட குரூப்பில் இடம் நிரம்பிவிட்டது என்றால் அது ஒரு காரணம். இடம் இருக்கும்போதே “நம்ம ரிசல்ட் அடிவாங்கும்” என்று தள்ளுவதை ஏற்காதீர்கள். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் வகுப்புவாரி இடஒதுக்கீடு உண்டு. எந்தப் பிரிவில் எத்தனை இடம், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் “இந்த குரூப் வேண்டும்” என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள். கடிதத்தைக் கண்டதும் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பள்ளியில் அந்த குரூப்பே இல்லை என்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போங்கள். தனியாருக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ போனால் மேலே சொன்ன 7.5 சதவீதம் அதோடு முடிந்தது. இதற்காகத்தான் ஒன்பதிலேயே யோசிக்கச் சொல்கிறேன். எந்தப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறது, பஸ் வசதி எப்படி என்று விசாரிக்க ஒரு வருடம் இருக்கும். ரிசல்ட் வந்த பிறகு ஒரு வாரம்கூட இருக்காது.

பத்தோடு தொழில் படிக்கப் போகிறவர்கள்

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்றாலே படிக்காத பிள்ளைகள் போகிற இடம் என்று பள்ளியிலேயே பேசுகிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தரும் விஷயம். பத்து முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ படித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவற்றுக்குப் பத்தாவது வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்றவற்றுக்கு எட்டாவது போதும். படிக்கும்போது மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

சிக்கல் டி.சி.யில், அதாவது மாற்றுச் சான்றிதழில், வருகிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கையும் பிளஸ் ஒன் சேர்க்கையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். பள்ளிக்கு மாணவர் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் “முதல்ல இங்க சேர்ந்திடு” என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் ஐ.டி.ஐ.யில் இடம் வந்தால் டி.சி.க்கு அலைய வேண்டும். இன்று ஹெச்.எம். மீட்டிங், நாளை கிளார்க் லீவு, மறுநாள் எமிஸ் (மாணவர் விவரம் ஏறியிருக்கும் துறையின் இணையதளம்) வேலை செய்யவில்லை. அதற்குள் சேர்க்கைத் தேதி போய்விடும். தொழில் படிப்புதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் பிளஸ் ஒன்னில் சேராமல் டி.சி.யைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தில் ஒன்றிரண்டு பாடம் போன பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். துணைத்தேர்வு எழுதித் தேறினால் அதே வருடமே பிளஸ் ஒன் சேரலாம்.

காகிதங்கள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியல் தயாரிப்பார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து பார்த்துவிடுங்கள். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் பிற்பாடு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தொல்லை. பட்டியல் நிலையில் ஹெச்.எம். திருத்திவிடலாம். மார்க் ஷீட் அச்சாகிவிட்டால் உங்களை எந்த அலுவலகத்துக்கெல்லாம் அனுப்புவார்கள் என்று சொல்லி முடியாது.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். போன வருடத்துச் சான்றிதழை நம்பிப் போகாதீர்கள். இரண்டும் இ-சேவை மையத்தில்தான், ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். மே, ஜூனில் எல்லோரும் விண்ணப்பிப்பதால் வி.ஏ.ஓ. மேசையிலேயே தேங்கிவிடும், முன்னாடியே போடுங்கள்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வில் தேறினாலே பணம் வந்துவிடாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிய வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், பள்ளியும் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். பள்ளியில் ஒருவர் ஒரு பட்டனை அழுத்த மறந்தால் பிள்ளைக்கு அந்த வருடப் பணம் இல்லை. தனியார் பள்ளிக்கு மாறினால் மொத்தமாக நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றிலும் தொடரும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

வங்கிக் கணக்கு பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும். “ஆதார் லிங்க் ஆயிடுச்சு” என்று வங்கியில் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கணக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு. அரசுப் பணம் வந்து விழுகிற கணக்காக ஆதாரோடு பதிந்திருப்பது வேறு. இரண்டாவது ஆகியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது

முதலில் பள்ளியில் நான் முதல்வன் பொறுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பதில் தடுமாறினால், ஒன்பதாம் வகுப்புக்கு வழிகாட்டல் நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். பிள்ளைக்கு எதில் ஆர்வம், திறமை என்று பார்க்கும் நாட்டமறித் தேர்வு வைத்திருந்தால் அதன் முடிவைப் பிள்ளைக்குக் காட்டினார்களா என்றும் கேளுங்கள். வைத்துவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்ட பள்ளிகள் உண்டு.

தனியாக ஒருவர் போய்க் கேட்டால் “பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அதில் பெரும்பாலோர் பெற்றோர்தான். ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு வழிகாட்டல் வகுப்பு நடத்த வேண்டும், அந்த நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது, குரூப் தேர்வுக்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று இருந்து பாருங்கள். அதிகாரி ஆய்வுக்கு வந்தால் அந்தப் புத்தகத்தைப் புரட்டுவார்.

அதற்கும் அசையாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கூப்பிடும்போது பள்ளியின் பெயர், ஒன்றியம், பிள்ளையின் எமிஸ் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் பேசினால் “விவரத்தோட கூப்பிடுங்க” என்று வைத்துவிடுவார்கள். புகாரைப் பதிந்துகொண்டால் புகார் எண்ணையும் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.