கிளஸ்டரை எப்போது அணைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்துக் கணக்கிடும் ஸ்பார்க் மென்பொருளில் ஜாப் ஓட்ட, கிளவுடில் ஒரு கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் மெஷின்களின் தொகுப்பு) வேண்டும் என்றதும் பேச்சு உடனே நோடு (அதிலுள்ள மெஷின்) எத்தனை, மெமரி எவ்வளவு என்று போய்விடுகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஜாப் முடிந்ததும் தானே அழியும் கிளஸ்டரா, நாள் முழுக்க நின்று வருகிற வேலையை எல்லாம் வாங்கிக்கொள்ளும் கிளஸ்டரா? டேட்டா எங்கே இருக்கும், மலிவான மெஷின்களை எவ்வளவு நம்பலாம், மாதக் கடைசியில் பில் எப்படி வரும் எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை. இங்கே, ஸ்பார்க் கிளஸ்டர்களை அமைத்துத் தரும் அமேசான் சேவையான இஎம்ஆரை வைத்து எழுதுகிறோம். மற்ற கிளவுடுகளில் பெயர்கள் மாறும், கணக்கு பெரும்பாலும் இதேதான்.

இரவில் ஒரு முறை ஓடும் பேட்ச் ஜாப் என்றால் தயங்கவே வேண்டாம். ஜாபோடு பிறந்து ஜாபோடு அழியும் கிளஸ்டர்தான் சரி. மெஷின் வாடகை நொடிக் கணக்கில் ஏறுகிறது, குறைந்தபட்சம் 60 நொடி. ஆகவே நிறுத்தி மறுபடி தொடங்குவதில் நஷ்டம் இல்லை. தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும், அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் சிறு ஜாபுக்கு அந்தச் சில நிமிடமே பெரிய பாரம். அதற்கு சர்வர்லெஸ் (மெஷின்களை அமேசானே கவனித்துக்கொள்ளும் முறை) பொருந்தும். அனலிஸ்டுகள் பகல் முழுக்க நோட்புக்கில் கேள்வி கேட்கிறார்கள் என்றால் நிற்கும் கிளஸ்டர் தேவை. ஆனால் சும்மா இருக்கும்போது தானே அணையும் நேரத்தை அமைக்காமல் அதை விடாதீர்கள். இஎம்ஆரில் இதை 1 நிமிடம் முதல் 7 நாள் வரை வைக்கலாம். அனலிஸ்டுகளுக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

இஎம்ஆர் மூன்று விதமாகக் கிடைக்கிறது: நேரடியாக இசி2 மெஷின்கள் (அமேசான் வாடகைக்குத் தருபவை) மேல், குபெர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) மேல், சர்வர்லெஸ். குபெர்னெட்டிஸை நிறுவனம் ஏற்கெனவே திறமையாக நடத்திவந்தால் மட்டும் இரண்டாவதைத் தொடுங்கள். ஸ்பார்க்குக்காகவே குபெர்னெட்டிஸைக் கற்றுக்கொள்ளப் போவது வேண்டாத சுமை. சர்வர்லெஸில் ஒரு பொறி உண்டு: ஒவ்வொரு வொர்க்கருக்கும் இயல்பாகக் கிடைக்கும் டிஸ்க் 20 ஜிபி மட்டுமே. பெரிய ஜாயின் (இரு டேட்டாக்களை இணைப்பது) ஒன்று ஷஃபிள் ஆகும்போது, அதாவது டேட்டா மெஷின்களுக்கிடையே இடம் மாறும்போது, டிஸ்க்கில் இடமில்லை என்று ஜாப் விழும். டிஸ்க் அளவை முன்கூட்டியே கூட்டிவிடுங்கள்.

இசி2 வழியில் நோடுகள் மூன்று வகை. பிரைமரி எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறது. கோர் நோடு வேலையும் செய்யும், எச்டிஎஃப்எஸ் (நோடுகளின் டிஸ்க்குகளில் பரவிய கோப்பு அமைப்பு) டேட்டாவையும் வைத்திருக்கும். டாஸ்க் நோடு வேலை மட்டும். இதில் கோர் நோடுதான் கவனிக்க வேண்டியது. கோர் நோடு மூன்று வரை இருந்தால் இஎம்ஆர் எச்டிஎஃப்எஸ்ஸில் ஒரே ஒரு பிரதிதான் வைக்கிறது. நான்கு முதல் ஒன்பது வரை இரண்டு. பத்தும் அதற்கு மேலும் என்றால் மூன்று. இரண்டு கோர் நோடுகளோடு கிளஸ்டர் போட்டு, இறுதி முடிவை எச்டிஎஃப்எஸ்ஸில் எழுதினால், ஒரு மெஷின் போனாலே டேட்டா போயிற்று. மூல டேட்டாவும் முடிவும் கிளஸ்டருக்கு வெளியே, அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3இல் இருக்கட்டும். எச்டிஎஃப்எஸ் இடைநிலைக் கோப்புகளுக்கு மட்டும். அப்போதுதான் கிளஸ்டரைப் பயமில்லாமல் அழிக்க முடியும்.

மலிவான ஸ்பாட் மெஷின்களை எங்கே வைப்பது என்பதற்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. பிரைமரியும் கோரும் ஆன்-டிமாண்ட் (முழு வாடகையில், இடையில் பறிக்கப்படாதவை), டாஸ்க் நோடுகள் ஸ்பாட். அமேசான் ஸ்பாட் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முன் இரண்டு நிமிட எச்சரிக்கை தருகிறது. கூகுளிலும் அஷூரிலும் அது 30 நொடிதான். மெஷின் போகும்போது அதன் டிஸ்க்கில் இருந்த ஷஃபிள் கோப்புகளும் போகின்றன. அவற்றைத் தேடிவரும் அடுத்த ஸ்டேஜ் (ஜாபின் ஒரு கட்டம்) தோற்க, ஸ்பார்க் முந்தைய ஸ்டேஜின் அந்தப் பகுதியை மறுபடி கணக்கிடும். ஒரே ஸ்டேஜ் தொடர்ந்து நான்கு முறை இப்படித் தோற்றால் ஜாப் முழுவதும் நின்றுபோகும். ஐந்து மணி நேரம் ஓடும், ஷஃபிள் மிகுந்த ஜாபை முழுக்க ஸ்பாட்டில் போட்டால், மிச்சமாகும் என்று நினைத்த பணம் மறு கணக்கீட்டிலேயே கரைந்துவிடும். அரை மணி நேர ஜாபுக்கு ஸ்பாட் அருமையான தேர்வு.

ஸ்பாட்டில் ஒரே வகை மெஷினை மட்டும் கேட்காதீர்கள். இன்ஸ்டன்ஸ் ஃப்ளீட் முறையில் பல வகைகளைச் சேர்த்துக் கேட்கலாம். ஒன்றில் இருப்பு இல்லையென்றால் இன்னொன்று வரும். ஃப்ளீட்டா, ஒரே வகை மெஷின்களின் குரூப்பா என்பதைக் கிளஸ்டரை உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

அடுத்து அளவு. எம்5.4எக்ஸ்லார்ஜ் மெஷினில் 16 விசிபியு (மெய்நிகர் கோர்), 64 ஜிபி மெமரி. இதில் யார்னுக்கு (மெஷின் வளங்களைப் பங்கிடும் மென்பொருள்) கிடைப்பது சுமார் 56 ஜிபி. ஒரு எக்ஸிக்யூட்டருக்கு (ஸ்பார்க்கின் வேலையைச் செய்யும் செயல்முறை) 5 கோர் என்று வைத்தால் ஒரு மெஷினில் மூன்று எக்ஸிக்யூட்டர், ஒரு கோர் மிச்சம். ஹீப் (எக்ஸிக்யூட்டரின் முதன்மை மெமரி) 16 ஜிபி, ஓவர்ஹெட் (அதற்கு வெளியே ஒதுக்கும் மெமரி) 2 ஜிபி என்றால் மூன்றுக்கும் 54 ஜிபி, கச்சிதமாக உட்காரும். ஹீப்பை 17 ஆக்கிப் பாருங்கள்: 57 ஜிபி ஆகிறது, மூன்றாவதுக்கு இடமில்லை. ஒரே ஒரு ஜிபி கூட்டியதால் மெஷினில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கும், வாடகை மட்டும் முழுதாக ஓடும். ஓவர்ஹெட்டை நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் ஹீப்பில் குறிப்பிட்ட சதவீதமாக அது தானே கணக்கிடப்பட்டு இந்தக் கூட்டலைக் கெடுக்கும். பைதான் செயல்முறைகள் இந்த ஓவர்ஹெட்டில்தான் வாழ்கின்றன. பைஸ்பார்க் (பைதானில் எழுதிய ஸ்பார்க்) ஜாபில் மெமரி வரம்பு மீறியதாக யார்ன் கொன்றால் ஹீப்பைத் தொடாமல் ஓவர்ஹெட்டைக் கூட்டிப் பாருங்கள்.

மெமரி பற்றாக்குறை என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் பார்ட்டிஷன் (டேட்டாவைப் பிரித்த துண்டு) சிக்கல். ஷஃபிள் பார்ட்டிஷன் எண்ணிக்கை இயல்பில் 200. 400 ஜிபி ஷஃபிள் ஆனால் ஒவ்வொன்றும் 2 ஜிபி. மெமரியில் அடங்காமல் டிஸ்க்கில் கொட்டும். 200 எம்பிக்கு ஒன்று என்று 2000 வையுங்கள். ஸ்பார்க் 3.2 முதல் அடாப்டிவ் எக்ஸிக்யூஷன் (ஓடும்போதே திட்டத்தைத் திருத்தும் வசதி) இயல்பாகவே ஓடுகிறது. மிகச் சிறியவற்றை அது சேர்த்துக்கொள்ளும் என்பதால் தொடக்க எண்ணைச் சற்று அதிகமாக வைப்பதில் தவறில்லை. பெரிய மெஷின் வாங்கும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள், செலவே இல்லாத திருத்தம் இது.

ஆட்டோஸ்கேலிங் (தேவைக்கேற்ப நோடு எண்ணிக்கையைத் தானே மாற்றுவது) போட்டும் கிளஸ்டர் சுருங்கவில்லையா? கேஷ் செய்த, அதாவது மறுபயன்பாட்டுக்காகப் பிடித்துவைத்த, டேட்டாஃப்ரேமைத் (அட்டவணை வடிவ டேட்டா) தேடுங்கள். சும்மா இருக்கும் எக்ஸிக்யூட்டரை ஸ்பார்க் 60 நொடியில் விடுவிக்கும். ஆனால் கேஷ் டேட்டா வைத்திருப்பதை இயல்பு அமைப்பில் விடுவிக்கவே செய்யாது. வேலை முடிந்ததும் கேஷை நீக்க அன்பெர்சிஸ்ட் செய்யுங்கள், அந்த எக்ஸிக்யூட்டர்களுக்கும் ஒரு கால வரம்பு கொடுங்கள்.

நெட்வொர்க்கை யாரும் பார்ப்பதில்லை, பில் வந்த பிறகுதான் தெரியும். பிரைவேட் சப்நெட்டில் (இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாத நெட்வொர்க் பகுதி) கிளஸ்டர் இருந்து, எஸ்3க்கு கேட்வே எண்ட்பாயிண்ட் (நேரடிப் பாதை) இல்லாவிட்டால், படிக்கும் ஒவ்வொரு ஜிபியும் நாட் கேட்வே (வெளியுலகுக்கான பொது வாசல்) வழியாகப் போகும், ஜிபிக்கு இவ்வளவு என்று கட்டணமும் விழும். எண்ட்பாயிண்ட் இலவசம். அமைக்க ஐந்து நிமிடம் போதும். சப்நெட்டின் அளவையும் பாருங்கள்: /24 சப்நெட்டின் 256 ஐபி முகவரிகளில் அமேசான் ஐந்தை எடுத்துக்கொள்ள, மிச்சம் 251. அதே சப்நெட்டை வேறு சேவைகளும் பகிர்ந்தால் 150 நோடு கேட்கும் கிளஸ்டர் பாதியில் நிற்கும்.

தானே அழியும் கிளஸ்டரில் லாகும் (ஜாப் ஓடியதன் பதிவு) கூடவே அழியும். உருவாக்கும்போதே லாகுக்கான எஸ்3 முகவரியைக் கொடுங்கள். இல்லையென்றால் அதிகாலை மூன்று மணிக்கு விழுந்த ஜாபின் காரணத்தைத் தேடக் காலையில் போதிய தடயம் மிஞ்சாமல் போகலாம்.