தூங்கும் கணினியை யார் எழுப்பலாம்?

பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு பிஜி அறை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் மேசையில் லேசாக இடித்துக்கொள்கிறார். மவுஸ் அரை அங்குலம் நகர்கிறது. ஸ்லீப்பில் கிடந்த கணினி விசிறி இரைய எழுந்து, அறை முழுக்க வெளிச்சம் அடிக்கிறது. ரூம்மேட் திட்டுவது இருக்கட்டும், இதில் ஒரு விசித்திரம் உண்டு. தூங்கும் கணினியில் ப்ராசஸருக்கு மின்சாரமே கிடையாது. இயங்குதளத்தின் ஒரு வரிகூட ஓடவில்லை. அப்புறம் மவுஸ் நகர்ந்ததைப் பார்த்தது யார்?

மதுரையில் ராத்திரி பஸ் ஏறுகிறவர், “மடிவாளா வந்தா எழுப்பி விடுங்கண்ணே” என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். தூங்கிய பிறகு சொல்ல முடியாதே! இயங்குதளம் செய்வதும் இதுதான். யார் யார் எழுப்பலாம் என்பதைத் தூங்குவதற்கு முன்பே வன்பொருளிடம் சொல்லிவிடுகிறது.

வழக்கமான ஸ்லீப்புக்கு எஸ்3 என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட, கணினியின் மின்சார நிர்வாகத்துக்கான ஏசிபிஐ தரத்திலிருந்து வந்த பெயர் அது. இந்த நிலையில் ராம் மட்டும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, திறந்திருந்த வேலைகளையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கும். டெஸ்க்டாப்புக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் ஒன்று எப்போதும் உயிரோடு இருக்கும். மதர்போர்டில் பாகங்களை இணைக்கும் சிப்செட்டின் ஒரு சிறு மூலையும் யூஎஸ்பி போர்ட்டுகளும் நெட்வொர்க் கார்டும் விழித்திருப்பது அந்தத் தயவில்தான்.

எந்தக் கருவியால் எழுப்ப முடியும், எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்திலிருந்து முடியும் என்கிற பட்டியலை மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குக் கொடுத்துவிடும். ஆனால் முடியும் என்பது வேறு, அனுமதி என்பது வேறு. லினக்ஸ் பெரும்பாலான கருவிகளுக்கு முதலில் அனுமதி தருவதில்லை. பவர் பட்டன், கீபோர்டு போன்ற சிலவற்றுக்குத்தான் விதிவிலக்கு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய், மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். கீபோர்டுக்கு மட்டும் விட்டுவைப்பது என் கட்சி. அதன் மேல் யாரும் தெரியாமல் இடித்துக்கொள்வது குறைவு.

சரி, அனுமதி இருக்கிறது. தூங்கப்போகும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல், கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ‘கடையைக் கட்டு’ என்று சொல்லும். யூஎஸ்பி டிரைவர் அப்போது மவுஸுக்கு, ‘தேவைப்பட்டால் எழுப்பு’ என்று ஒரு கட்டளை அனுப்பும். பிறகு யூஎஸ்பி லைன் மௌனமாகிவிடும். அந்த மௌனம் 3 மில்லிசெகண்டைத் தாண்டினால் மவுஸும் அரைத்தூக்கத்துக்குப் போகும், அதன்பின் 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. மவுஸ் நகர்ந்ததும் அது 1 முதல் 15 மில்லிசெகண்ட் வரை லைனில் ஒரு சிக்னலைப் பிடித்து வைக்கும். யூஎஸ்பி கன்ட்ரோலர் அதைக் கவனித்துச் சிப்செட்டிடம் சொல்ல, சிப்செட் முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். ப்ராசஸர் புதிதாகப் பிறந்ததுபோல் ஃபர்ம்வேரிலிருந்துதான் தொடங்கும். ‘இது எஸ்3-யிலிருந்து திரும்புகிறது’ என்று தெரிந்ததும் ஃபர்ம்வேர் வழக்கமான பூட்டுக்குப் போகாமல், தூங்குமுன் கெர்னல் எழுதிவைத்துப் போன ராம் முகவரிக்கு நேராகத் தாவும். மவுஸுக்கு வேலை அத்தோடு முடிந்தது.

நெட்வொர்க் கார்டின் கதையும் கிட்டத்தட்ட இதே. 255 என்ற மதிப்புள்ள 6 பைட், அதன்பின் கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை, ஆக மொத்தம் 102 பைட் வரிசையாக வந்தால் கார்டு தானே அடையாளம் கண்டு எழுப்பிவிடும். இதற்கு ‘மேஜிக் பாக்கெட்’ என்று பெயர். மேஜிக் ஒன்றும் இல்லை, வெறும் ஒப்பீடுதான்.

புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 இல்லை. ப்ராசஸர் மின்சாரத்தை இழக்காமல் மிகக் குறைந்த சக்தியில் கிடக்கும். கருவிகள் ப்ராசஸரின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் சாதாரண இன்டரப்ட்டே எழுப்பிவிடும். சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது முதுகுப் பையில் லேப்டாப் சூடாகிறதென்றால், உள்ளே எதுவோ அதைத் தூங்கவிடவில்லை என்று சந்தேகப்படலாம்.

உண்மையில் தலைவலி தந்த இடம் வேறு. கெர்னல் தூங்கத் தயாராகிக்கொண்டிருக்கும் நடுவில் எழுப்பும் சிக்னல் வந்துவிட்டால்? அப்போது கணினி இன்னும் விழித்திருப்பதால் சிக்னல் சாதாரண வேலையாகக் கையாளப்பட்டுவிடும். அடுத்த நொடி கணினி தூங்கிவிடும். எழுப்பியவர் எழுப்பியதே வீண். அடிக்கடி தூங்கி எழும் ஃபோனில் இப்படி நடந்தால் வந்த அழைப்பே தவறிப்போகலாம். 2010-ல் லினக்ஸில் இதற்கு எளிமையான ஒரு வழி சேர்த்தார்கள். எழுப்பும் நிகழ்வு வரும்போதெல்லாம் ஒரு எண் கூடும். தூங்க வைக்கும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படித்துக்கொண்டு, கடைசியில் அதையே கெர்னலிடம் திருப்பி எழுத வேண்டும். இடையில் எண் மாறியிருந்தால் கெர்னல் அதை ஏற்காது. தூக்கம் அப்போதைக்கு ரத்து.